ஒரு சாணும் இரண்டு விரற்கடையும்

பிப்ரவரி 3, திங்கள்

கோபிச்செட்டிபாளையம் டிராக்டர் பட்டறைச் சக்கரவர்த்தியும், நாற்பது வருடத்தில் நாலாயிரம் என்ஜின்களுக்கு உயிர்ப்பிச்சை அளித்தவனுமாகிய சென்னியப்பன், அதாவது நான், இன்று மத்தியானம் கனடா தேசத்து லார்ச்வில் என்னும் மலையூரில் திருவடி பதித்தேன். பதித்த திருவடி முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது கால் மட்டும் வந்தது, செருப்பு வரவில்லை. சித்திரையில் பனி உருகினால் கிடைக்கும் என்கிறார்கள்.

குளிரைப் பற்றி எழுத வார்த்தை இல்லை. இருந்த வார்த்தைகளும் உறைந்துவிட்டன. விமான நிலைய வாசலில் ஒரு தும்மல் போட்டேன், அது கீழே விழுந்து இரண்டாக உடைந்தது.

வந்த காரியத்தை எழுதிவிடுகிறேன். போன வைகாசியில் என் அக்கா மகள் இளமதிக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் சபைக்கு வருகிற நேரம் பார்த்து யாரோ ஒரு பாவி என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டான். மைக் கையில் இருந்தால் நான் நானில்லை. "என்ற அக்கா மகளுக்கு அவ எந்த வண்டி கேட்டாலும் அந்த வண்டி இந்த மாமன் சீரு!" என்று முழங்கினேன். மண்டபம் கைதட்டியதில் மேற்கூரைத் தகரம் ரெண்டு ஆணி கழன்றது. சபை ஸ்கூட்டர் என்று நினைத்தது. நான் சின்னக் கார் வரைக்கும் துணிந்திருந்தேன்.

மகராசி புருஷனோடு இங்கே வந்து எட்டு மாதம் பொறுத்துக் கேட்டது ஸ்னோமொபைல். பனிமலையில் ஏறுகிற வண்டி. எந்தச் சரிவில் பனி சரியும், எதில் சரியாது என்று மலைமேல் போய்ப் பார்த்து ஊருக்குச் சொல்கிற குழு ஒன்று இங்கே இருக்கிறது. அதில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று. இருபத்து நான்காம் தேதி காலை சொந்த வண்டியோடு வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும்.

கோவை விமான நிலையத்தில் தெய்வானையக்கா என் காலரைப் பிடித்துச் சொன்னாள்: "டேய் சென்னி, அந்த எளவு வண்டிய வாங்கிக் குடுத்தீன்னா அவ மலையேறிப் போயிருவா. வாங்க மாட்டேன்னும் சொல்லாதே, சபைல சொன்ன சொல்லு. நீ பாட்டுக்கு அது நொட்டை, இது நொள்ளைன்னு இருபத்தஞ்சாந் தேதி வரைக்கும் இழுத்துப்போடு. உனக்கு அது ஒண்ணுதான் நல்லா வரும்."

இது ராஜரகசியம். இந்த நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கடவுள் அக்கா கட்சி.

வண்டிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெயர் டாரில். முதலில் தாடி வந்து கதவைத் திறந்தது, அரை நிமிடம் கழித்து அவர் வந்தார். மலைக்கென்று செய்த வண்டி இந்தப் பருவத்தில் இரண்டுதான் மிச்சமாம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே என்ஜின், ஒரே நீலம். இரண்டையும் பதினேழு முறை வலம் வந்தேன். இரட்டைப் பிள்ளை பெற்ற தாய்கூட இவற்றில் ஏமாந்துபோவாள்.

வித்தியாசம் அடியில் இருக்கிறது. சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் பல் வைத்த பட்டை ஒன்று சுற்றுகிறது. ஒன்றில் அந்தப் பட்டை நூற்றைம்பத்து நான்கு அங்குலம், மற்றதில் நூற்று அறுபத்தைந்து. கையால் அளந்தேன். ஒரு சாணும் இரண்டு விரற்கடையும். குட்டையன், நெட்டையன் என்று நாமகரணம் செய்தாயிற்று.

"எது நல்லது?" என்று டாரிலைக் கேட்டேன். என் இங்கிலீஷ் அவருக்குப் புரிய மூன்று நிமிடம் ஆனது. "ஓட்டறவங்களைப் பொறுத்தது. நீளமானது ஆழமான பனியில் மிதக்கும். குட்டையானது மரங்களுக்கு நடுவே சட்டென்று வளையும்" என்றார்.

இப்படி ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் இருபது நாள் என்ன, இருபது வருடம் இழுப்பேன்.

"ஏனுங் மாமா, எதுன்னாலும் எனக்குச் சரிங். நெட்டையே போதும்னு தோணுது" என்றாள் இளமதி.

"அம்மணி! சீரைப் பொறுக்கறது மாமன் வேலை. வாங்கறவிய வெரலை நீட்டிக் காட்டுனா சீருக்குத் தோசம்."

இந்தச் சாஸ்திரம் கடையிலேயே நின்ற நிலையில் உண்டாக்கியது.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று யோசித்தேன். நாளையும் யோசிப்பதாகத் திட்டம்.

பிப்ரவரி 8, சனி

வாசலில் விழுந்த பனியை அள்ளினேன். அள்ளி முடித்துத் திரும்பினால் அள்ளியதைவிட அதிகமாக விழுந்திருந்தது. வாசல் இருந்த திசையே மறந்துவிட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அக்காவுக்குத் தினசரி அறிக்கை. அங்கே காலை ஏழரை. போனைத் தீவனத் தொட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ரெண்டும் உருப்படாத வண்டிங்க. நெட்டையன் இருக்கானே, அவனத் திருப்பணும்னா பெருந்துறை வரைக்கும் போய்த்தான் திருப்பணும். குட்டையன் இந்த வாசல்லயே சுத்திச் சுத்தி வந்து நமக்கே மயக்கம் வந்துரும்."

"நல்லாச் சொன்னே. அப்படியே சொல்லிட்டு இரு." நாலு பீச்சு பீச்சினாள். பிறகு கேட்டாள், "நெட்டை எத்தனை நீளம் எச்சா?"

"ஒரு சாணும் ரெண்டு வெரக்கடையும்."

"அவ்வளவுதானா?"

பால் கறப்பதை விட்டுவிட்டுத் தன் கையை விரித்துச் சாண் அளந்து பார்த்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இளமதியின் புருஷன் முகில் தோசை வார்த்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சாதுவான பையன். முறைப்படி நான் அவனுக்குச் சித்தப்பன். தோசையைத் தட்டில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்: "சித்தப்பா, அவ ஹெல்மெட்ட நாலு வாட்டி தொடச்சு வெச்சுட்டா. இன்னும் வண்டியே வரலீங்."

"சட்னில உப்புக் கம்மி" என்றேன்.

பிறகு இளமதி என்னை வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டுக்கு நடத்திப் போனாள். மண்வெட்டியால் பனியில் நெஞ்சுயரம் குழி வெட்டினாள். குழிச் சுவரில் பனி அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஒவ்வொரு அடுக்கையும் விரலால் தொட்டு, இது தை மாசம் முதல் வாரம் விழுந்தது, இது மழை பெய்து இறுகியது என்றாள். பஞ்சாங்கத்தைக் குத்திட்டு நிறுத்திப் படித்த மாதிரி இருந்தது. ஒரு துண்டைத் தூண்போலத் தனியாக அறுத்து, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு முழங்கையிலிருந்து. நான் எண்ணினேன். பதின்மூன்றாவது தட்டில் மேல்பாதி அப்படியே நழுவி, அல்வாத் துண்டு தட்டில் நகர்வதுபோல வந்து விழுந்தது.

"பாத்தீங்களா மாமா? மேல இருக்கற பனி கீழ இருக்கறதோட ஒட்டலீங். இந்த மாதிரி மலைமேல இருந்துச்சுன்னா ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. போகாதீங்கன்னு முன்னாடியே சொல்றதுதான் இந்த வேலை."

ஐந்தடி உயரம், நாற்பத்தெட்டு கிலோ. மூக்கு நுனி சிவந்து நின்றாள்.

குளிருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று முகில் சொல்லியிருந்தான். உண்மைதான். அப்போது நல்ல வெயில்.

பிப்ரவரி 11, செவ்வாய்

குட்டையனா நெட்டையனா என்று முடிவெடுக்க முடியாத நிலை தொடர்கிறது. கடைக்குப் போய் இரண்டு வண்டியிலும் மாறிமாறி உட்கார்ந்து வந்தேன். கடமைதானே. டாரில் எனக்கென்று ஒரு காபிக் கோப்பை ஒதுக்கி வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 13, வியாழன்

சரித்திரத்தில் பொன்னெழுத்தால் பொறிக்க வேண்டிய நாள். பொன் இல்லாததால் பால்பாயின்ட்.

ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று டாரில் இரண்டு வண்டியையும் கடைக்குப் பின்னாலுள்ள சரிவுக்கு ஏற்றி வந்தார். இளமதியும் வந்தாள். எனக்குத் தலைக்கவசம், கையுறை எல்லாம் மாட்டியதும் நான் நிலாவுக்குப் போகிற ஆள்போல ஆகிவிட்டேன். கிளச் எங்கே என்றேன். இல்லையாம். கியர்? அதுவும் இல்லையாம். கட்டைவிரலால் ஒரு விசையை அமுக்கினால் போகிறது. கிளச் பிளேட் மாற்றியே சோறு தின்றவனுக்கு இதைவிட அவமானம் உண்டா!

அதைவிட விசித்திரம் ஒன்று. ஆழமான பனியில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், கைப்பிடியை வலப்பக்கம் திருப்பி உடம்பை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவன் என் அக்காவோடு வளர்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் குட்டையன். சீறிப் பாய்ந்தான். இரண்டு பைன் மரத்துக்கு நடுவில் ஊசியில் நூல் கோத்ததுபோல நுழைந்தான். அந்தப் பக்கம் ஆழமான பனி. மூக்கைத் தூக்கினான், வால் இறங்கியது, நானும் இறங்கினேன். மார்பு வரைக்கும் பனி. இளமதி தோண்டி எடுத்தாள்.

அடுத்து நெட்டையன். அதே இடத்துக்கு வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை அமுக்கினேன். பவானி ஆற்றில் பரிசல் போவதுபோல மிதந்து போனான்! நான் போட்ட கூச்சலில் மூன்று மலைக்கு அப்பால் கரடிகள் தூக்கத்தில் புரண்டு படுத்ததாகக் கேள்வி.

"மாமா, கத்துனது பயத்துலயா, சந்தோசத்துலயா?"

"ஆராய்ச்சில."

ஆராய்ச்சியை உறுதிப்படுத்த இன்னும் ஏழு முறை ஏறி இறங்கினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

அக்காவைப் பயமுறுத்தினால் பேச்சே முடிந்துவிடும் என்று நினைத்து அறிக்கையைக் கொஞ்சம் கூட்டினேன். "குட்டையன் என்னை முழுசா முழுங்கிப்போட்டான்க்கா. மூணு நாள் கழிச்சுத் தோண்டி எடுத்தாங்க."

"நேத்தைக்குத்தானே பேசுனே?" என்றாள். "அத விடு. பொதையறப்ப மூக்கு எறங்குச்சா, வாலு எறங்குச்சா?"

"வாலுதானுங்க்கா."

"அப்ப அடில பாவு பத்தலைடா, தரைல படியற எடம் கம்மி. நம்ம வாய்க்கா மேட்டு வயல்ல உளைச் சேத்துக்குள்ள டிராக்டர் எறங்கறப்பக் கேஜ் வீலு, அந்த இரும்புக் கூண்டுச் சக்கரம், மாட்டுவமே, அதே கணக்குதான். பாரம் பரவுனாப் பொதையாது. நெட்டை பொதஞ்சுதா?"

சிக்னல் சரியில்லை என்றேன். "அடிப்பக்கத்தைப் போட்டா புடிச்சு அனுப்பு" என்று மட்டும் சொன்னாள். மச்சான் போன பிறகு பதினைந்து ஏக்கர் நெல் வயலைத் தானே சேறடித்தவள். கேஜ் வீல் என்றால் சும்மா விடமாட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று அக்காவே கூப்பிட்டாள். காமிராவைத் தரைப் பக்கம் திருப்பினாள். வாசல் தெளித்த ஈரத்தில், கோலமாவால் இரண்டு நீளப் பட்டை வரைந்திருந்தாள். ஒன்று குட்டையன், ஒன்று நெட்டையன். அங்குலக் கணக்கில். நெட்டையன் கேட்டைத் தாண்டி வீதிக்குப் போயிருந்தான்.

"பாரு. இதுக்கும் இதுக்கும் எத்தனை பாவு எச்சா நிக்குது பாரு! ஒரு சாணுன்னு லேசாச் சொல்லிப்போட்டே."

"அக்கா, நாம வாங்கவே போறதில்லியே."

"அது எனக்குத் தெரியாதா? சும்மா வரைஞ்சு பாத்தேன்." கோலமாவுக் கையைச் சேலையில் துடைத்தாள். "ஏன்டா, பின்னால ஒரு ஆளு உக்கார எடமே இல்லியே?"

"மலையேறற வண்டிக்கு ஒரே சீட்டுதானுங்க்கா."

நெட்வொர்க் நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவளுக்குப் பின்னால் கோழி ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு பேராத்தான் போவாங்களாம்" என்றேன். "ஆளுக்கொரு வண்டி. ஒருத்தர் பொதஞ்சா இன்னொருத்தர் தோண்ட. ஹெலன்னு ஒரு அம்மா, இருவது வருசமா போறவிய."

"அந்தம்மாவுக்கு மம்பட்டி புடிக்கத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுமாம்."

"ம்" என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் கடைக்குப் போனேன். தனியாக.

அதிர்ச்சிச் செய்தி! நெட்டையனை ஒருவன் கேட்டுவிட்டானாம். வெளியூர்க்காரன். நல்ல மீசை, ராஜகளை, பேச்சில் மன்னன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். டாரில் ஒரு தாளை நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். என்ன தாள் என்று இங்கே எழுத அவசியமில்லை.

இரவுச் சாப்பாட்டில் இளமதி ரசத்தை ஊற்றிவிட்டு, "நாளைக்கே அந்தக் குழுவுக்கு முடியாதுன்னு சொல்லிடறேங் மாமா" என்றாள். "அம்மா சொல்லித்தானே இழுக்கறீங்க?"

"யாரு? நானா? சென்னியப்பனா? ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டா?"

"போச்சாதுங் மாமா. நீங்க என்ன பண்ணுவீங்க. ஆறிப்போகுது, சாப்பிடுங்."

ஏசியிருந்தால் பதிலுக்கு ஒன்பது வசனம் வைத்திருந்தேன். அவள் அப்பளத்தை என் தட்டில் வைத்தாள். நொறுங்காத பெரிய அப்பளம்.

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் ஒண்ணும் சொல்லாதே" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 22, சனி

காலை ஏழு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன். குரலில் வெற்றி முரசு.

"அக்கா! செயிச்சுட்டோம்! நெட்டையனை வேற ஒருத்தன் கொண்டுட்டுப் போறான். இனி கடைல குட்டையன் மட்டுந்தான். வேணும்னா அதைக் குடுக்கறதா பேருக்குச் சொல்லி..."

"எவன்டா அவன்?"

"யாரோ மீசைக்காரன்."

"மீசைக்காரன் தூக்கிட்டுப் போறான், நீ வாயப் பாத்துட்டு நின்னியா? என்ற புள்ள தலைல அந்தக் குட்டையக் கட்டப்போறியா? வாலு எறங்கும்டா! பொதையும்டா! ஓடுடா கடைக்கு!"

"நீங்கதானே இழுக்கச் சொன்னீங்க?"

"நாஞ் சொன்னா? அறுவது வருசத்துல நாஞ் சொன்னது ஒண்ணக் கேட்டிருப்பியாடா? இது ஒண்ணத்தான் கேக்கணுமா? கால்ல செருப்புப் போட்டியா, போடலியா? ஓடுறா!"

ஓடினேன். புயலாக ஓடினேன். வழியில் ஒரு காபி குடித்தேன்.

மத்தியானம் நெட்டையன் டிரெய்லரில் வீட்டு வாசலுக்கு வந்தான். இளமதி செருப்பில்லாமல் பனியில் ஓடி வந்தாள். வண்டியைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு மறுபடி வண்டியை. கைப்பிடியில் தொங்கிய சீட்டைப் பார்த்தாள்.

"மாமா, இதுல உங்க பேரு இருக்குது. தேதி வியாழக்கிழமை போட்டிருக்குது."

"கனடாக்காரனுக்குத் தேதி எழுதத் தெரியாது, அம்மணி."

பிப்ரவரி 23, ஞாயிறு

சீர் என்றால் சபையில் கொடுக்க வேண்டும். டிரெய்லரில் இறக்கிவிட்டுப் போக இது என்ன சிமென்ட் மூட்டையா?

நெட்டையனை மறுபடி டாரில் கடைக்கே ஏற்றிப்போய், அங்கிருந்து வீடு வரைக்கும் ஊர்வலம். தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதால் ஒன்பது. தேங்காய் கிடைக்கவில்லை. டப்பாவில் அடைத்த தேங்காய்ப்பால் கிடைத்தது, தேங்காய்க்கு மகன்தானே என்று வைத்துவிட்டேன். ஆப்பிள் தட்டு டாரில் கையில், அதன்மேல் தாடி. ஹெலனம்மா மஞ்சள் குங்குமத் தட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் மிச்சத்தை ஏந்தினார்கள். முகில் குக்கர் மூடியில் கொட்டிய கொட்டு கொடுமுடி வரைக்கும் கேட்டிருக்கும். வண்டியை நானே ஓட்டினேன். வேட்டிக்குள் மூன்று பேன்ட். ஊர் மொத்தமும் திரண்டது, ஐயாயிரம் பேர் இருக்கும். முகில் முப்பத்திரண்டு என்கிறான், அவன் சின்னப்பையன்.

அக்கா போனில் இருந்தாள். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்று என்றாள். பட்டைக்குக் கீழே பழத்தை வைத்து இளமதி வண்டியை நகர்த்தினாள். பார்த்தால் பழம் நசுங்கவில்லை. பனிக்குள் அழுந்தி, அப்படியே முழுசாக இருந்தது.

நசுங்காவிட்டால் அபசகுனம் என்பார்களே. மொத்த ஊர்வலமும் ஏன் நின்றது என்று தெரியாமல் நின்றது. போனைப் பழத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன்.

அக்கா குனிந்து பார்த்தாள். முகம் திரை முழுக்க நிறைந்தது.

"நசுங்கலியா?"

"இல்லீங்க்கா."

"ஒரு கீறலு?"

"ஒண்ணுமே இல்லீங்க்கா."

"பாத்தியாடா!" என்று கத்தினாள். "பாரம் பரவி நிக்குது! இருநூறு கிலோ வண்டி, எலுமிச்சம்பழத்தைக்கூட நசுக்கலே. இது எங்கடா பொதையப் போகுது? இதைவிட நல்ல சகுனம் கெடையாது. அம்மணி, அந்தப் பழத்தை எடுத்துப் பையில வெச்சுக்க!"

டாரிலுக்கு விளக்கினேன். தாடி ஆட ஆடச் சிரித்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

காலை ஏழேகால். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரம். அக்கா போனில். ஹெலனம்மா வண்டி முன்னே, நெட்டையன் பின்னே. இளமதி தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்குமுன் போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"போய்ட்டு வரட்டுங்ளாம்மா?"

"கையுறை மாட்டுனியா?"

"மாட்டியாச்சுங்."

"சரி, போய்ட்டு வா. ஆழமான எடத்துல விசைய விட்டுறாதே. நின்னீன்னாத்தான் பொதையும்."

அவள் போனாள். நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். நீலம் சிறுத்து, மைப்புள்ளியாகி, பைன் மரங்களுக்கு மேலே வெள்ளைச் சரிவில் ஏறியது. ஒரு திருப்பத்தில் உடம்பை இடப்பக்கம் சாய்த்தாள். வண்டி எழுதிய கோடு ஒரே கோடாகப் போனது. எங்கும் குழி விழவில்லை. நான் பேசாத நேரம் என் வாழ்க்கையில் இத்தனை நீளமாக இருந்ததில்லை, ஒன்றரை நிமிடம் இருக்கும்.

"மறைஞ்சுட்டாளா?"

"மறைஞ்சுட்டாளுங்க்கா. நாலு மணிக்கு வந்துருவா."

"ம்." மூக்கை உறிஞ்சினாள். அங்கே குளிர் என்று சொல்ல முடியாது. "டேய் சென்னி."

"சொல்லுங்க்கா."

"அந்தக் குட்டை இன்னும் கடைல நிக்குதா?"

"நிக்குதுங்க்கா. ஏனுங்?"

"டாரில்கிட்ட அத வித்துப்போட வேண்டாம்னு சொல்லு. மார்கழிக்கு நான் வாறேன். எனக்கு நெட்டையெல்லாம் ஆவாது, நான் மரத்துச் சந்துல பூந்து போற ஆளு."